கடைக்கால் குழியில் வரலாறு இல்லை என்போருக்கு

ஒரு தனி வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும் குழியில் வரலாற்றுக்கு உதவும் செய்தி எதுவும் கிடைக்கப்போவதில்லை என்பதும், அந்த வேலையின்போது தொல்லியலாளர் ஒருவர் உடன் நிற்க வேண்டும் என்று விதிப்பது வீடு கட்டுவோரின் பணத்தையும் நாளையும் வீணாக்கும் என்பதும் இன்று பரவலாக ஏற்கப்பட்டுவிட்ட கருத்துகள். அத்தகைய விதி நடைமுறையில் உள்ள அயர்லாந்து, இங்கிலாந்து போன்ற நாடுகளில் இக்கருத்து ஒரு குறைகூறலாக அவ்வப்போது எழுகிறது; விதியே இல்லாத தமிழ்நாட்டிலோ அது எவரும் ஐயுறாத உண்மையாகவே கொள்ளப்படுகிறது. தொல்லியலை மதிப்போரிடையேயும் இதன் மென்மையான வடிவம் ஒன்று உண்டு. அகழாய்வு என்பது தேர்ந்தெடுத்த மேட்டில், திட்டமிட்டு வகுத்த குழிகளில், பருவம் பருவமாக நடைபெறுவது. நான்கு சுவருக்காக வெட்டிய வாய்க்காலை எட்டிப் பார்த்து என்ன அறிந்துவிட முடியும் என்று அவர்கள் கேட்கின்றனர். இக்கேள்விக்கு விடை இருக்கிறது. மக்கள் விட்டுப் பிரியாமல் வாழ்ந்துவரும் ஊர்களின் பழமையை அறிவதற்கு வீட்டுக் குழிகளை விட்டால் வேறு வழி அநேகமாக இல்லை என்பதே அந்த விடை.

தொல்லியல் கண்காணிப்பு இன்னதென்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. எதிர்ப்போரில் பலர் அதை அகழாய்வோடு குழப்பிக்கொள்கின்றனர். அகழாய்வில் தொல்லியலாளர் தாம் தேர்ந்த இடத்தில், தம் கேள்விக்கு விடை தேடித் தோண்டுகிறார். கண்காணிப்பில் தோண்டும் இடத்தையும் அகலத்தையும் ஆழத்தையும் கட்டடத்தின் வரைபடம் தீர்மானிக்கிறது. தொல்லியலாளர் உடனிருந்து, திறக்கப்படும் மண்ணைப் படித்து, தேவைப்பட்டால் வேலையைச் சற்று நிறுத்திப் பதிவு செய்கிறார். அயர்லாந்தில் இந்நடைமுறை 1930-ஆம் ஆண்டுத் தேசிய நினைவுச்சின்னச் சட்டத்தையும் அதன் 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் அடிப்படையாகக் கொண்டு வளர்ந்தது. அந்தத் திருத்தத்தின்படி அறியப்பட்ட தொல்லிடங்களுக்கு மாவட்டவாரியாகப் பதிவேடும் வரைபடமும் உருவாக்கப்பட்டன. பதிவேட்டில் உள்ள இடத்தில் வேலை தொடங்க விரும்புவோர் இரண்டு மாதங்களுக்கு முன்னரே அரசுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அத்தகைய இடத்திலோ அதை ஒட்டியோ வீடு கட்ட அனுமதி கேட்போருக்கு, உள்ளாட்சியின் திட்டப் பிரிவு கண்காணிப்பை ஒரு நிபந்தனையாக விதிக்கலாம். தொல்லியலாளர் உரிமம் பெற்றுக் களத்துக்கு வருகிறார். பொக்லைன் இயந்திரம் பல் இல்லாத அகன்ற வாளியால் மேல்மண்ணை மெல்ல வழிக்கிறது. பல் உள்ள வாளி மண்ணைக் கீறிக் கலக்கிவிடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. தட்டையான விளிம்பு சீவியெடுத்த பரப்பில் நிறவேறுபாடுகள் கலையாமல் தெரியும். ஒன்றும் தென்படாவிட்டால் வேலை தொடர்கிறது. தென்பட்டால் அந்தப் பகுதியில் மட்டும் வேலை நிற்கிறது. தனி வீட்டு மனை ஒன்றில் மேல்மண் நீக்கம் என்பது பெரும்பாலும் ஓரிரு நாள் வேலையே.

குழி சிறியது, ஆகவே பயனற்றது என்பது எதிர்ப்பாளரின் முதல் வாதம். கட்டடங்களும் கோட்டைகளும் சிலைகளும் மட்டுமே தொல்லியலின் பொருள் என்று எண்ணுவோருக்கு இது சரியாகத் தோன்றும். ஆனால் மனித வாழ்வின் மிகப் பெரும்பகுதி மண்ணில் விட்டுச் சென்றிருப்பது கறைகளைத்தான். அயர்லாந்தின் மஞ்சளும் பழுப்புமான களிமண்ணில் ஒரு மரத்தூண் நட்ட குழி, தூண் மக்கிப்போன பின், ஒரு சாண் அகலமுள்ள கருவட்டமாக நிற்கும். அதைச் சுற்றித் தூணை இறுக்க அடித்த கற்கள் இருக்கும். நடுவில் கரித்துகளும் தீய்ந்த கொட்டைத்தோலும் கலந்திருக்கும். இத்தகைய வட்டங்கள் வரிசையாக, ஒரு குறுகிய வாய்க்காலின் கறையோடு சேர்ந்து செவ்வகமாக அமைந்தால், அது ஐயாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் முதன்முதலாக உழுது பயிரிட்டவர்களின் மரவீடு. கடைக்கால் வாய்க்கால் ஒன்று அந்தச் செவ்வகத்தின் ஒரு மூலையை வெட்டிச் சென்றாலும் போதும். பார்க்கத் தெரிந்த கண் அங்கு இருந்தால், வீடு இருப்பது தெரிந்துவிடும். இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் அந்தக் கறை மண்மேட்டில் கலந்து மறையும். அப்படி ஒன்று இருந்தது என்று பின்னர் எவராலும் சொல்ல இயலாது.

இந்த மரவீடுகளின் கதை சிறு சான்றுகளின் வலிமையைக் காட்டுவதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1980-களுக்கு முன் அயர்லாந்தில் புதிய கற்கால வீடுகள் ஒரு சிலவே அறியப்பட்டிருந்தன. அக்கால மக்கள் பெருங்கற் கல்லறைகளைக் கட்டியவர்கள் என்றும், நிலையான குடியிருப்பு அவர்களிடம் அரிது என்றும் கருத இடமிருந்தது. கட்டுமானத்தோடு இணைந்த தொல்லியல் பணி பெருகிய பின்னர் எண்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் வெளிப்பட்டன. எண்ணிக்கை உயர்ந்ததைவிட முக்கியமான மாற்றம் வேறொன்று. தூண் குழிகளில் கிடைத்த தீய்ந்த தானியத்தையும் ஹேசல் கொட்டைத்தோலையும் கொண்டு கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு செய்தபோது, அந்த வீடுகளில் பெரும்பாலானவை கி.மு. 3720-க்கும் கி.மு. 3620-க்கும் இடைப்பட்ட, ஏறக்குறைய நூறு ஆண்டுகளே கொண்ட குறுகிய காலத்துக்குள் அடங்கின. ஒரு பருவத்தில் காய்த்து உதிர்ந்த கொட்டையின் தோல் அந்த ஆண்டின் காலத்தையே காட்டும். நூற்றாண்டுகள் வாழ்ந்த ஓக் மரத்தின் கரி, வெட்டிய காலத்தைவிட முந்தைய காலத்தைக் காட்டி ஏமாற்றக்கூடும். எனவே நகக்கண் அளவுள்ள ஒரு தோல்துண்டு, அது எந்தக் குழியின் எந்த மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்போடு கிடைத்ததால், ஒரு நாட்டின் முதல் வேளாண் குடிகளைப் பற்றிய சித்திரமே மாறியது. சிறிய குழியில் பெரிய செய்தி இருக்காது என்போர் இந்தத் தோல்துண்டின் அளவை எண்ணிப் பார்க்கட்டும்.

எதிர்ப்பாளரில் கூர்மையானவர்கள் இங்கு ஒரு மறுவாதம் வைப்பர். இந்தக் கண்டுபிடிப்புகளில் பெரும்பங்கு நெடுஞ்சாலைகள், எரிவாயுக் குழாய்த் தடங்கள், பெரிய குடியிருப்புத் திட்டங்கள் ஆகியவற்றால் வந்தவை. தனி வீடுகளால் வந்தவை குறைவு. ஆகவே பெரிய திட்டங்களுக்கு மட்டும் கண்காணிப்பை வைத்துக்கொண்டு தனி வீடுகளை விட்டுவிடலாம் என்பர். முதற்கூற்று உண்மைதான். ஆனால் அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவு தவறு. நெடுஞ்சாலை எங்கே போகிறது என்பதை எண்ணிப் பார்த்தால் தவறு விளங்கும். சாலைத் திட்டமிடுவோர் ஊர்களையும் வீடுகளையும் அறியப்பட்ட தொல்லிடங்களையும் தவிர்த்து, வயல்வெளிகளின் வழியாகத் தடத்தை வகுக்கின்றனர். அதுவே சரியான திட்டமிடலும் ஆகும். அதனால் சாலைகள் தரும் வரலாறு, மக்கள் என்றோ கைவிட்ட இடங்களின் வரலாறாக அமைகிறது. ஆயிரம் ஆண்டுகளாகப் பெயர் மாறாமல் வாழும் ஓர் ஊரின் நடுவே, கோயிலை ஒட்டிய தெருவில், குளத்தங்கரையில் என்ன புதைந்திருக்கிறது என்பதை எந்த நெடுஞ்சாலையும் காட்டப்போவதில்லை. அங்கே மண்ணைத் திறப்பவர்கள் வீடு கட்டுவோர் மட்டுமே.

இங்கிலாந்தின் அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அந்நாட்டின் இடைக்காலக் கிராமத் தொல்லியல், யார்க்ஷயரில் உள்ள வாரம் பெர்சி என்னும் கைவிடப்பட்ட கிராமத்தில் 1950 முதல் 1990 வரை நாற்பது ஆண்டுகள் நடந்த அகழாய்வைப் பெரிதும் சார்ந்து எழுந்தது. அந்த ஆய்வின் தரத்தில் குறையேதும் இல்லை. ஆயினும் அழிந்த ஊர்களை மட்டும் தோண்டி ஊர்களைப் பற்றிய பொது முடிவுக்கு வருவது, இறந்தோரை மட்டும் ஆராய்ந்து மக்களின் உடல்நலத்தைக் கணிப்பதற்கு ஒப்பாகும். இந்தக் குறையை நீக்கவே கரென்சா லூயிஸ் என்னும் தொல்லியலாளர், இன்றும் மக்கள் வாழும் கிராமங்களில், வீட்டுத் தோட்டங்களிலும் கொல்லைகளிலும், ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட சிறு குழிகளைப் பள்ளி மாணவர்களையும் ஊர் மக்களையும் கொண்டு தோண்டச் செய்தார். கிழக்கு இங்கிலாந்தில் 55 ஊர்களில் ஏறக்குறைய 2,000 குழிகள். தனித்தனியே எடுத்தால் ஒவ்வொரு குழியும் ஒரு பிடி ஓடுகளைத் தவிர வேறொன்றும் தராதது. ஆனால் பதினான்காம் நூற்றாண்டின் கொள்ளைநோய்க்கு முந்தைய ஓடுகளையும் பிந்தைய ஓடுகளையும் குழிவாரியாக ஒப்பிட்டபோது, பிந்தைய காலத்தில் மண்பாண்டப் பயன்பாடு சராசரியாகச் சுமார் 45 விழுக்காடு வீழ்ந்திருப்பது வெளிப்பட்டது. 2016-இல் வெளியான அந்த முடிவு, நோயால் ஏற்பட்ட மக்கள்தொகைச் சரிவின் அளவையும், அது நூற்றாண்டுகள் நீடித்ததையும், எழுத்து ஆவணங்களைச் சாராத தனிச் சான்றாக நிறுவியது. அவை கட்டுமானக் குழிகள் அல்ல, ஆய்வுக்கென்றே தோண்டியவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு சதுர மீட்டர் குழி 2,000 சேர்ந்து ஒரு நாட்டின் பேரிடரை அளக்க முடியுமானால், அதைவிடப் பல மடங்கு பெரிய வீட்டுக் கடைக்கால்கள், ஒரே முறையில் பதிவு செய்யப்பட்டால், என்ன தரக்கூடும் என்பதை எதிர்ப்பாளர்தாம் விளக்க வேண்டும்.

அடுத்து வருவது, பெரும்பாலான கண்காணிப்புகளில் ஒன்றும் கிடைப்பதில்லை என்ற வாதம். அயர்லாந்தில் 1970 முதல் நடந்த அகழாய்வுகளின் சுருக்கங்கள் ஆண்டுத் தொகுதிகளாக வெளியிடப்பட்டு, இப்போது பொதுமக்கள் பார்க்கக்கூடிய தரவுத்தளமாகவும் உள்ளன. அதில் வீட்டு மனைக் கண்காணிப்புகளைப் பற்றிய குறிப்புகளில் கணிசமானவை, தொல்லியல் முக்கியத்துவம் உள்ள எதுவும் காணப்படவில்லை என்றே முடிகின்றன. இதை எடுத்துக்காட்டி, கண்காணிப்பு வீண் என்று நிறுவிவிட்டதாக எதிர்ப்பாளர் கருதுகின்றனர். இவ்வாதம் அறிவியலின் அடிப்படையையே புறக்கணிக்கிறது. ஒரு பழங்குடியிருப்பு எங்கே முடிகிறது என்பதை அறிய, அது இல்லாத இடம் எது என்று தெரிந்தாக வேண்டும். அயர்லாந்தில் ராத் எனப்படும் வட்ட மண்ணரண் சூழ்ந்த முற்கால இடைக்கால வாழிடங்கள் ஏறக்குறைய 45,000 உள்ளன. அவற்றின் அரணுக்கு வெளியே வேலையாட்களின் குடிசைகளோ, இரும்பு உருக்கும் உலைகளோ, இடுகாடோ இருந்தனவா என்பதுதான் ஆய்வாளர்கள் கேட்கும் கேள்வி. அரணை ஒட்டிய மனையில் வெறும் கன்னி மண்தான் இருந்தது என்று தேதியோடும் அளவோடும் எழுதப்பட்ட குறிப்பு அக்கேள்விக்கு ஒரு விடை. பார்த்துவிட்டு இல்லை என்று சொல்வதற்கும், பார்க்காமலேயே இல்லை என்று சொல்வதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எதிர்ப்பாளர் அழித்துவிடுகின்றனர். வரலாற்றாய்வு அந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது.

தொல்லிடங்களின் பட்டியலும் வரைபடமும் ஏற்கெனவே இருக்கும்போது, பட்டியலில் உள்ளவற்றைக் காத்தால் போதாதா என்று கேட்போரும் உண்டு. பட்டியல் என்பது அதுவரை அறிந்தவற்றின் பட்டியல் மட்டுமே. அயர்லாந்தின் கில்கெனி நகரில் 2005-இல், வணிக வளாகம் கட்டப்படவிருந்த பழைய ஏழையர் விடுதி வளாகத்தில், முன்கூட்டிய தொல்லியல் சோதனையின்போது, எந்த வரைபடத்திலும் குறிக்கப்படாத கூட்டுப் புதைகுழிகள் தெரியவந்தன. மறு ஆண்டு நடந்த அகழாய்வில் 970-க்கும் குறையாதோரின் எலும்புகள் கிடைத்தன. உருளைக்கிழங்குப் பஞ்சத்தின் உச்சத்தில், 1847 முதல் 1851 வரை, அந்த விடுதியில் மாண்டவர்கள் அவர்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் குழந்தைகளும் சிறார்களும். நூற்றைம்பது ஆண்டுகளே கடந்த, எழுத்தறிவு பரவியிருந்த காலத்தின் நிகழ்வே பதிவிலிருந்து மறைந்துபோயிருக்குமானால், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தையதைப் பட்டியல் முழுமையாகச் சொல்லும் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை.

செலவைப் பற்றிய வாதம் மற்றவற்றைவிட வலியது. அதை மதித்தே விடை சொல்ல வேண்டும். கடன் வாங்கி வீடு கட்டும் ஒரு குடும்பத்தைப் பெருநிறுவனத்தோடு ஒன்றாக நிறுத்தி, இருவரும் தொல்லியல் செலவை ஏற்க வேண்டும் என்று சொல்வது நீதியல்ல. அயர்லாந்தின் நடைமுறையில் தனி வீடு கட்டுவோரும் மேம்பாட்டாளராகவே கருதப்படுகின்றனர். கண்காணிப்பின்போது ஏதேனும் வெளிப்பட்டு முழு அகழாய்வு தேவையானால், செலவு அவர்கள் தலையில் விழுகிறது. இது அந்த முறையின் உண்மையான குறை. ஆனால் குறை இருப்பது செலவைப் பகிரும் முறையில், கண்காணிப்பில் அல்ல. பிரான்சில் 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டுமானத்துக்கு முந்தைய தொல்லியலுக்கென ஒரு வரி விதிக்கப்பட்டு, மறு ஆண்டில் அதற்கான தேசிய நிறுவனமும் அமைக்கப்பட்டது. தாமே குடியிருக்க வீடு கட்டும் தனிநபர்களின் மனையில் அகழாய்வு தேவைப்பட்டால், அதன் செலவைப் பொது நிதியம் ஏற்கிறது. நார்வேயின் பண்பாட்டு மரபுச் சட்டமும் செலவைப் பொதுவாகக் கட்டுவோரிடம் வைத்தாலும், சிறிய தனியார் வேலைகளுக்கு அரசே ஏற்க வழி செய்திருக்கிறது. மண்ணுக்கடியில் உள்ள வரலாறு ஊருக்குப் பொதுவானது என்றால், அதைப் பதிவு செய்யும் செலவும் பொதுவாக இருக்க வேண்டும். இந்த நேரிய வழி கண்ணெதிரே இருக்கையில், செலவைக் காரணம் காட்டிக் கண்காணிப்பையே கைவிடச் சொல்வது ஏற்கத்தக்கதல்ல.

இனித் தமிழ்நாட்டு நிலைமைக்கு வரலாம். வீட்டுக் குழியில் வரலாறு இல்லை என்ற கருத்து மிக ஆழமாக வேரூன்றி, மிகப் பெரிய இழப்பை உண்டாக்கிவருவது இங்கேதான். வருவாய்த்துறை ஆவணங்களில் நத்தம் என்று குறிக்கப்படும் ஊர் இருக்கைகள் பல தலைமுறைகளாக மக்கள் குடியிருந்த மேடுகள். மதுரை, உறையூர், கரூர், காஞ்சிபுரம் போன்ற பழநகரங்களில் இன்றைய தெருக்களும் வீடுகளும் பழைய நகரத்தின் மேலேயே நிற்கின்றன. அதனால்தான் அகழாய்வாளர்கள் ஊருக்கு வெளியே திறந்த நிலம் கிடைக்கும் இடங்களை நாடுகின்றனர். வைகைக் கரையிலுள்ள கீழடியில் 2014-இல் இந்தியத் தொல்லியல் ஆய்வகம் தொடங்கிய அகழாய்வும், 2018 முதல் மாநிலத் தொல்லியல் துறை தொடரும் அகழாய்வும் தென்னந்தோப்புகளிலேயே பெரிதும் நடைபெறுகின்றன. தோப்பாக இருந்ததாலேயே அந்த இடம் பிழைத்தது. அதே வைகைக் கரையில், வீடுகள் நெருங்கிய ஊர்களுக்குள், அதே காலத்து உறைகிணறும் செங்கல் சுவரும் இருந்தால், அவற்றைக் காணும் முதல் மனிதர் செப்டிக் டேங்க் குழி தோண்டும் தொழிலாளியாகவே இருப்பார். பெரும்பாலும் கடைசி மனிதரும் அவரே.

இறந்தோரைப் புதைத்த முதுமக்கள் தாழி ஒன்று, வானம் எனப்படும் கடைக்கால் குழியில் எப்படித் தென்படும் என்பதைக் கூர்ந்து நோக்கினால் இழப்பின் தன்மை புரியும். சுவருக்கென வெட்டிய வானத்தின் பக்கவாட்டில், இடுப்பளவு ஆழத்தில், செங்காவி நிற ஓட்டின் வளைவு ஒன்று பிறைபோல் தெரியும். அதன் உட்புறம் இருக்கும் மண் வெளிமண்ணைவிட நொய்ந்து, நிறம் மாறி இருக்கும். சில இடங்களில் மேலே ஒரு பலகைக்கல் மூடியிருக்கும். உள்ளே எலும்பும், கறுப்பு சிவப்பு நிறச் சிறு கலயங்களும், இரும்புக் கருவியும், சிலவேளை நெல்லும் இருக்கும். இயந்திரத்தின் வாளி ஒருமுறை பட்டால் தாழி நொறுங்கி, எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். ஓட்டைப் பொறுக்கி வைத்துக்கொண்டு தாழி கிடைத்தது என்று சொல்லலாம். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல், கரிமக் காலக்கணிப்பில் கி.மு. 1155 என்று காலம் காட்டியதை 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. அதே சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்லும் என்ற அறிக்கை 2025 சனவரியில் வெளியானது. இவற்றைப் பற்றிய வாதங்கள் அனைத்தும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: காலம் கணிக்கப்பட்ட கரியும் நெல்லும் அந்த இரும்போடும் அந்தத் தாழியோடும் ஒரே நேரத்தில் புதைக்கப்பட்டவைதாமா என்ற கேள்வியில். அதற்கு விடை சொல்வது பொருளைச் சூழ்ந்திருந்த மண்ணின் பதிவு. தமிழரின் தொன்மையைப் பற்றி உரக்கப் பேசுவோர், அந்தப் பதிவு நாள்தோறும் வீட்டு மனைகளில் அழிவதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதது பெரும் முரண்.

பொருள் தப்பினால் போதும் என்று எண்ணுவோருக்கு நாகப்பட்டினம் நல்ல பாடம். சோழர் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எடுப்பித்த சூடாமணி விகாரம் இருந்த அந்நகரில், 1856 முதல் 1930-கள் வரை, வெளிப்பாளையம், நாணயக்காரத் தெரு ஆகிய பகுதிகளில் வெவ்வேறு வேலைகளுக்காக மண் தோண்டப்பட்டபோது ஏறக்குறைய 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவை இன்று சென்னை அருங்காட்சியகத்திலும் உலகின் பல அருங்காட்சியகங்களிலும் உள்ளன, டி. என். இராமச்சந்திரன் 1954-இல் அவற்றைப் பற்றி விரிவான நூல் எழுதினார். திருமேனிகள் தப்பின. ஆனால் அவை எந்தச் சுவரின் அடியில், எந்தத் தளத்தின் மேல், எவற்றோடு சேர்ந்து, எவ்வளவு ஆழத்தில் புதைந்திருந்தன என்பதை மண்ணடுக்கு முறையில் எழுதிவைக்க அங்கு எவரும் இல்லை. அதனால் கலைவரலாற்றாளர் அவற்றின் காலத்தை முகத்தையும் ஆடை மடிப்பையும் பீடத்து எழுத்தையும் கொண்டே கணிக்க வேண்டியிருக்கிறது. விகாரத்தின் அமைப்போ அறியப்படாமலே போனது. கடல் கடந்த தமிழ்த் தொடர்பின் மிகச் சிறந்த சான்றுகளில் ஒன்றுக்கு நேர்ந்த கதி இது.

பொருளையே பெரிதாக எண்ணும் இந்த மனப்பாங்கைச் சட்டமும் வளர்த்திருக்கிறது. இன்றும் நடைமுறையில் உள்ள 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையதானால் அதை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அச்சட்டம் பொருளின் விலையைக் கேட்கிறது, அது யாருக்குச் சேரும் என்று பங்கு பிரிக்கிறது; அது கிடந்த மண்ணைப் பற்றிக் கேட்பதே இல்லை. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களைப் பொறுத்தவரை, 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் சுற்றிலும் 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்தைத் தடை செய்கிறது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்துகிறது. அந்த எல்லைக்கு வெளியே, ஒரு பழைய நத்தத்தில் வீடு கட்டுபவருக்கு வழங்கப்படும் அனுமதியில் தொல்லியல் பற்றிய நிபந்தனை இருப்பதில்லை. ஒரு பக்கம் முற்றான தடை, மறுபக்கம் முற்றான பாராமுகம். இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டியதுதான் கண்காணிப்பு.

தாழி கிடைத்ததாகச் சொன்னால் மனையை அரசு எடுத்துக்கொள்ளும் என்ற அச்சமும் இந்த இரட்டை நிலையிலிருந்தே பிறக்கிறது. அதனால்தான் வீடு கட்டுவோர் இரவோடிரவாக ஓடுகளை அள்ளிக் கொட்டுகின்றனர். அவர்களைக் குறைகூறுவதில் பயனில்லை. அச்சத்துக்குக் காரணம் உண்டு. கண்காணிப்பு முறைப்படி நடக்கும் நாடுகளில் பெரும்பாலான மனைகளில் நடப்பது, பதிவு செய்துவிட்டு வீடு கட்ட விடுவதுதான். முக்கியமான எச்சம் இருந்தால் ஆழமான வானத்துக்குப் பதிலாக மேலோட்டமான பரப்பு அடித்தளம் அமைத்து, எச்சத்தை அடியிலேயே விட்டுவிடும் வழியும் கையாளப்படுகிறது. கண்காணிப்புதான் உரிமையாளரின் அச்சத்தைப் போக்கக்கூடிய ஏற்பாடு. அதை அச்சத்துக்குக் காரணமாகக் காட்டுவது தலைகீழான வாதம்.

மனையின் மண்ணைப் பார்த்துப் படிப்பது தமிழ் மரபுக்குப் புதியது என்றும் சொல்ல முடியாது. மனையைத் தோண்டும்போது எலும்பு, கரி, உமி, ஓடு முதலியவை தென்படுகின்றனவா என்று பார்த்து, அவற்றைச் சல்லியம் எனக் கருதி நீக்கிய பின்னரே கட்டத் தொடங்க வேண்டும் என்று மனைநூல் மரபு விதித்திருக்கிறது. கொத்தனார்களும் மேஸ்திரிகளும் இதை அறிவர்; எலும்பும் கரியும் ஓடும் தொல்லியலாளர் தேடும் சான்றுகளும்கூட. நீக்குவதற்கு முன் ஒரு படமும் ஓர் அளவும் ஒரு குறிப்பும் எடுப்பது மட்டுமே கூடுதலாகத் தேவைப்படுகிறது.

இதற்காக ஊரெங்கும் ஒவ்வொரு குழியிலும் தொல்லியலாளர் நிற்க வேண்டும் என்று எவரும் கோரவில்லை. முன்பு அகழாய்வு நடந்த ஊர்கள், தாழிக்காடுகளும் கல்வட்டங்களும் பதிவான ஊர்கள், நத்தமேடுகள், பழநகரங்களின் உட்பகுதி ஆகியவற்றை வரைபடத்தில் குறித்து, அந்த எல்லைக்குள் கட்டட அனுமதி வழங்கும்போது மட்டும் கண்காணிப்பை நிபந்தனையாக்கலாம். செலவை அரசே ஏற்க வேண்டும்; பதிவுக்குப் பின் கட்ட அனுமதிப்பதாக உரிமையாளருக்கு எழுத்து மூலம் உறுதி தர வேண்டும்; ஒன்றும் கிடைக்காத மனைகளின் குறிப்பு உட்பட எல்லாப் பதிவுகளும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். தொல்லியல் படித்த பட்டதாரிகள் பலர் பருவகால அகழாய்வுக் கூலியை எதிர்பார்த்து இருக்கும் மாநிலத்தில், இப்பணிக்கு ஆள் கிடைக்காது என்று சொல்லவும் இடமில்லை.

கட்டட விதிகளைத் திருத்தும் அதிகாரம் உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டும். அது நடக்கும் வரை, தம் மனையில் தாழியோ உறைகிணறோ பழைய செங்கல் சுவரோ தென்படக் காண்போர், அந்த இடத்தில் மட்டும் இயந்திரத்தை நிறுத்தி, அளவுகோல் ஒன்றை அருகில் வைத்துப் படம் எடுத்து, தோண்டிய ஆழத்தைக் குறித்துக்கொண்டு, வட்டாட்சியர் வழியாகவோ நேரடியாகவோ மாவட்டத் தொல்லியல் அலுவலருக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.